நிலத்தடி நீரில் கலந்த நஞ்சும் நமது பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிவாசலின் வெளிப்புறத்தில், வழிப்போக்கரும் அக்கம்பக்கத்தாரும் சாதி மத பேதமின்றிப் பருகுவதற்குச் சுத்திகரித்த குடிநீர்க் குழாய் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மறைந்த பெற்றோரின் பெயரால் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வருவோரும் உண்டு. மிக நல்ல எண்ணம். ஆனால் குடிநீர் விஷயத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது. அறிவும் தொடர்ந்த கவனிப்பும் அதனோடு சேர வேண்டும். ஆகவே நிலத்தடி நீரில் நஞ்சு எவ்வாறு கலக்கிறது, அதைக் கரி முதலிய பொருள்களைக் கொண்டு எவ்வாறு நீக்குகிறார்கள், அப்படி நீக்கும்போது நம்மீது சுமரும் கடமைகள் யாவை என்பவற்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

நான் சொல்லப் போவதன் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை; நீரிலிருந்து பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பிடித்து வைக்கும் இடம் நிறைந்துவிட்டால் அதன் வேலை முடிந்துவிடுகிறது. எனவே ஒரு வடிகட்டியை நிறுவுபவர், அதை மாற்ற வேண்டிய நாளையும், மாற்றிய பொருளைப் பாதுகாப்பாக அகற்றும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

கிணற்றுப் பாடமும் இன்றைய கிணறும்

மதரஸாவில் ஓதியவர்கள் தூய்மை பற்றிய பாடத்தில் கிணறுகளைக் குறித்த பகுதியை மறந்திருக்க மாட்டார்கள். ஹனஃபி சட்ட நூல்கள் அதை விரிவாகப் பேசுகின்றன. எலியோ சிட்டுக்குருவியோ விழுந்து இறந்தால், அதை அகற்றிய பின் 20 முதல் 30 வாளி நீரை இறைக்க வேண்டும். பூனை, புறா, கோழி போன்றவையாயின் 40 முதல் 60 வாளி. ஆடோ நாயோ விழுந்து இறந்தால், அல்லது சிறு பிராணியே ஆனாலும் ஊதிச் சிதைந்துவிட்டால், நீர் முழுவதையும் இறைக்க வேண்டும். அசுத்தம் கலந்த பெருநீரை அதன் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பிடுவதும் நாம் ஓதிய பாடமே.

இந்தச் சட்டங்கள் வணக்கத்திற்குரிய தூய்மையைப் பற்றியவை. அவை தம் இடத்தில் முழுமையானவை. அவற்றில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒன்றை நாம் பிரித்தறிய வேண்டும். தூய்மையான பொருள் யாவும் உட்கொள்ளத் தக்கவை அல்ல. மண் தூய்மையானது, அதைக் கொண்டு தயம்மும் செய்கிறோம். ஆயினும் உடலுக்குக் கேடு விளையுமளவு மண்ணைத் தின்பதைச் சட்ட அறிஞர்கள் தடுத்துள்ளார்கள். அதுபோலவே ஒளூ செய்யத் தகுதியான நீர், குடிக்கத் தகாத நீராகவும் இருக்கக்கூடும்.

புளோரைடு, ஆர்சனிக், சிறிதளவு குரோமியம், பூச்சிக்கொல்லியின் எச்சம் ஆகியவை நீரில் கரைந்திருக்கும்போது நிறம் மாறுவதில்லை. நாவுக்கும் நாசிக்கும் தெரிவதில்லை. வாளி வாளியாக இறைத்தாலும் அவை தீர்ந்துபோவதில்லை. இறைத்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஊறி வரும் நீரும் அதே நஞ்சைச் சுமந்தே வருகிறது. பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்தார்கள் நம் முன்னோர். அது மிதக்கும் மண்ணைப் படிய வைக்கும். கரைந்த நஞ்சை எடுக்காது. தாய்மார்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். ஆனால் நீர் ஆவியாகிக் குறைவதால் புளோரைடும் ஆர்சனிக்கும் முன்னிலும் செறிவாகும்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

நிலத்தடி நீர் கெடுவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று இயற்கை. பாறைகளில் உள்ள தாதுக்கள் நீரில் மெல்ல மெல்லக் கரைகின்றன. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், கிணற்று நீரிலிருந்த புளோரைடினால் மக்களின் எலும்புகள் இறுகி உடல் முடங்கியதை மருத்துவர்கள் முதன்முதலில் பதிவு செய்தார்கள். நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்தத் துன்பத்தை நீண்ட காலம் அனுபவித்தன. சிறு பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டுவலி, முதுமையில் வளையாத முதுகு என்பன அதன் அடையாளங்கள். அம்மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு சேர்க்கவே ஜப்பானின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நம் பனமலை வட்டாரமும் பாறை நிலமே. நந்தன் கால்வாய் வழியாக நீர் வந்து பனமலை ஏரி நிறைந்தால் கிணறுகளில் ஊற்று ஏறுகிறது. ஏரி வறண்டால் ஆழ்துளைக் கிணற்றை மேலும் கீழே கொண்டு செல்கிறோம். ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு உறவாடிக் கிடந்த நீரில் தாதுக்கள் மிகுந்திருக்கும் வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி மனிதனின் கைவரிசை. தொழிற்சாலைக் கழிவு, வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து, அளவின்றி இடும் யூரியா ஆகியவை மழைநீரோடு மண்ணுக்குள் இறங்குகின்றன. இதற்கு நம் மாநிலத்தில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு பாலாற்றங்கரை.

தோலின் தூய்மையும் ஆற்றின் அழுக்கும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை நம்மில் அறியாதார் இல்லை. தோல் பதனிடும் தொழில் அங்கே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் சமுதாயத்தவர் பலர் அதில் முன்னின்றார்கள். அத்தொழிலின் வருமானத்தால் பள்ளிகளும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. இதை நன்றியுடன் சொல்ல வேண்டும். அதே நாவினால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் பதனிடலைப் பரிசோதித்து அறிமுகப்படுத்தினார். வாரக்கணக்கில் நடந்த வேலை விரைவாக முடிந்தது, தோலும் மென்மையாயிற்று. பின்னாளில் ஏற்றுமதி பெருகியபோது குரோம் முறையே மேலோங்கியது. உப்பும் குரோமியமும் சுமந்த கழிவுநீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் வயல்களிலும் பாய்ந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஆய்வு கூறுவதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் அது குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் அவரே ஏற்கவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின்னும் துயரம் முழுமையாகத் தீராததால், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதிக்காக மீண்டும் விரிவான கட்டளைகளைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த 'தமிழ்நாடு குரோமேட்ஸ்' என்ற தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே பல்லாண்டுகள் கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து நிலத்தினுள் இறக்கியது. 2006இல் உலகின் மிகவும் மாசடைந்த 10 இடங்கள் என்று அமெரிக்க அமைப்பொன்று வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயர் இடம்பெற்றது.

பதனிடுவதால் தோல் தூய்மையாகிறது என்பது நாம் ஓதிய சட்டம். அந்தத் தோலைத் தூய்மையாக்கிய கைகள் அடுத்தவர் கிணற்றைப் பாழாக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் சட்டநெறியின் அடித்தளங்களுள் ஒன்று. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஓயாது பேசும் நாம், அண்டை வயலின் ஊற்றைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

கரி நீரைச் சுத்தப்படுத்துவது எங்ஙனம்?

கெட்ட நீரைச் சீராக்கும் வழிகளுள் ஒன்றுதான் பரப்புக் கவர்தல். பஞ்சு நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்வதை உறிஞ்சுதல் என்கிறோம். பரப்புக் கவர்தல் அதுவன்று. நீரில் கரைந்துள்ள பொருள், ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வதே பரப்புக் கவர்தல். எனவே மேற்பரப்பு எவ்வளவு விரிந்ததோ அவ்வளவு நஞ்சை அது பிடிக்கும்.

தேங்காய்க் கொட்டாங்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தினால், அதனுள் கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே கிளர்வூட்டப்பட்ட கரி. அடுப்புக்கரிக்கும் இதற்கும் வேறுபாடு இந்தத் துளைகளில்தான் இருக்கிறது. நல்ல கரியில் ஒரு கிராம் எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சொன்னால் சுமார் 25 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலத்தை அடக்கி வைத்த அல்லாஹ்வின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்.

கரி, கரைசலின் நிறத்தை நீக்கும் என்பதை 1785இல் லோவிட்ஸ் என்ற வேதியியல் அறிஞர் கண்டறிந்தார். முதல் உலகப் போரில் நச்சுக் காற்றிலிருந்து படைவீரர்களைக் காத்த முகமூடிகளில் இந்தக் கரியே இடப்பட்டது. இன்று நம் தமிழகத்தில் பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் கொட்டாங்குச்சிக் கரித் தொழில் செழித்திருக்கிறது. நம் ஊரின் பெயரிலேயே இருக்கும் பனையின் கொட்டை ஓட்டிலிருந்தும் இத்தகைய கரியைச் செய்யலாம் என ஆய்வாளர்கள் காட்டியுள்ளார்கள்.

நோய்க்கு ஏற்ற மருந்து

இங்கே ஒரு முக்கியமான செய்தி. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லாதது போல, எல்லா நஞ்சுக்கும் ஒரே பொருள் இல்லை.

பூச்சிக்கொல்லி எச்சம், கெட்ட மணம், சாயம், மிகுதியான குளோரின் ஆகியவற்றைக் கிளர்வூட்டப்பட்ட கரி நன்றாகப் பிடிக்கும். ஆனால் புளோரைடை அது போதிய அளவு பிடிக்காது. நீரின் உப்புத்தன்மையை அறவே குறைக்காது. ஆகவே கரி வடிகட்டியை மாட்டிவிட்டுப் புளோரைடு நீங்கிவிட்டது என்று நம்புவது வீண்.

புளோரைடுக்குக் கிளர்வூட்டப்பட்ட அலுமினா என்ற வெண்ணிற மணிகள் பயன்படுகின்றன. எலும்பைச் சுட்டெடுத்த கரியும் புளோரைடைப் பிடிக்கும். கென்யா, தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். எந்த விலங்கின் எலும்பு என்ற கேள்வி நம்மவருக்கும், எலும்பா என்ற தயக்கம் மரக்கறி உண்ணும் சகோதரர்களுக்கும் எழும். பொதுமக்கள் அனைவருக்குமான குழாயில் இத்தகைய மனக்குறைகளுக்கும் இடம் வைக்கக்கூடாது.

ஆர்சனிக்கை இரும்பின் துரு வகைகள் பற்றிப் பிடிக்கின்றன. வங்காளதேசத்தின் குஷ்தியாவைச் சேர்ந்த பேராசிரியர் அபுல் ஹுஸ்ஸாம், இரும்புத் துருவலையும் மணலையும் கரியையும் அடுக்கி 'சோனோ' என்ற எளிய வடிகட்டியை உருவாக்கினார். 2007இல் அதற்கு அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அப்பணத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கு வடிகட்டி வழங்கவே அவர் ஒதுக்கினார். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் அவர்களின் குழு, இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு இரும்பின் நுண்துகள்களை இணைத்து 'அம்ரித்' என்ற பொருளை உருவாக்கியது. அப்பணிக்காக 2022இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஸீஸ் சர்வதேச நீர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

குரோமியம் இரு வடிவங்களில் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்தின் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியமோ புற்றுநோயை உண்டாக்கவல்லது. நீரில் எளிதாகக் கரைந்து நெடுந்தூரம் ஓடவும் செய்யும். கொட்டாங்குச்சிக் கரி முதலிய பல பொருள்கள் இதை ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பிடிக்கின்றன. ஆனால் பெரும்பாலும் நீர் மிகுந்த அமிலத்தன்மையோடு இருக்கும்போதே அவை சிறப்பாக வேலை செய்கின்றன. கிணற்று நீர் அப்படி இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் வென்ற பொருளெல்லாம் ஊர்க் குழாயில் வெல்லும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

நிறைந்த பாத்திரம்

இனி, நான் முதலில் சொன்ன சாரத்திற்கு வருகிறேன். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டு நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு இருப்பதாகக் கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 3 மில்லிகிராமை நீக்க வேண்டும். ஒரு கிலோ அலுமினா சுமார் 2 கிராம் புளோரைடைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோ அலுமினா 6 கிராமைப் பிடிக்கும். அதாவது 2,000 லிட்டர் நீரைச் சுத்தம் செய்யும். நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 100 நாட்களில் அதன் பை நிறைந்துவிடும்.

நூற்றோராவது நாள் என்ன நடக்கும்? குழாயில் நீர் வழக்கம்போலவே வரும். தெளிவாக இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். ஆனால் புளோரைடு தடையின்றி வந்துகொண்டிருக்கும். குடிப்பவருக்கு எதுவும் தெரியாது. வடிகட்டி இல்லாத வீட்டில் ஐயமாவது இருக்கும். நிறைந்துபோன வடிகட்டி உள்ள வீட்டில் நம்பிக்கை இருக்கும். பொய்யான அந்த நம்பிக்கையே பெரிய ஆபத்து.

நிறைந்த அலுமினாவை எரிசோடாவினாலும் அமிலத்தினாலும் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். அப்படிக் கழுவிய நீரில் 2,000 லிட்டரிலிருந்து பிடித்த புளோரைடு முழுவதும் சேர்ந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டினால், எடுத்த நஞ்சை நாமே திருப்பி ஊற்றியவர்கள் ஆவோம். பூச்சிக்கொல்லியைப் பிடித்த கரியை அடுப்பில் இட்டு எரிப்பதும் தவறு.

நீரிலிருந்து பிரித்த நஞ்சைக் காப்பது எத்துணை பெரிய பொறுப்பு என்பதற்கு ராணிப்பேட்டையிலேயே வேதனையான சான்று உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில், தோல் தொழிற்கூடங்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சகதியைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சகதியில் சிக்கி உயிரிழந்தார்கள். பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்களே அவர்களுள் மிகுதி. நீரைச் சுத்திகரிக்க அமைத்த இடத்திலேயே, ஒதுக்கி வைத்த அழுக்கு உயிர்களைக் குடித்துவிட்டது.

நற்பணியும் பரிசோதனையும்

பரிசோதனையின்றிச் செய்த நற்பணி எங்கே கொண்டு விடும் என்பதற்கு வங்காளதேசமே பாடம். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்ட நாட்டில், 1970கள் முதல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் உள்ளிட்ட அமைப்புகளின் துணையோடு லட்சக்கணக்கான அடிகுழாய்கள் போடப்பட்டன. கிருமி குறைந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் உண்டா என்று அந்நாளில் யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் அங்கே அது உறுதி செய்யப்பட்டது. 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்த ஆய்வுக் கட்டுரை, 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் ஆபத்துக்கு உள்ளானதாகக் கணித்தது. அக்குழாய்களைப் போட்டவர்களின் நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிற்று, அவ்வளவே.

நாம் செய்ய வேண்டியவை

எனவே நம் ஜமாஅத் இப்பணியில் இறங்கும்போது பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இயந்திரத்தை வாங்கும் முன் நீரைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிப்பது நலம். கரைந்த உப்பின் அளவை மட்டும் காட்டும் பேனா போன்ற கருவியை நீரில் தோய்த்துக் காட்டி விற்பனைக்கு வருவோரின் சொல் போதாது. புளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். சோதனையில் நீர் நல்லதென்று வந்தால் இறைவனுக்கு நன்றி செலுத்திவிட்டு, தேவையற்ற இயந்திரத்தை வாங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டாவது, சோதனை முடிவுக்கு ஏற்ற முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். உப்பு மிகுதியென்றால் ஆர்.ஓ. இயந்திரம் தேவைப்படலாம். அது ஊற்றும் நீரில் பெரும்பங்கைக் கழிவாகத் தள்ளும். உப்பும் தாதுவும் செறிந்த அந்த நீர் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கரி வடிகட்டியாயின், அது குளோரினையும் பிடித்துக்கொள்வதால் ஈரக் கரியில் கிருமிகள் பெருக வாய்ப்புண்டு என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரு பதிவேடு. எந்த நாளில் பொருள் இடப்பட்டது, எத்தனை லிட்டர் ஓடியது, எந்த நாளில் வெளிவரும் நீர் சோதிக்கப்பட்டது என்பன அதில் இருக்க வேண்டும். சந்தா வரவையும் செலவையும் பைசா பிசகாமல் எழுதும் நம் நிர்வாகிகளுக்கு இது கடினமன்று. அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுப் பக்கத்தின் அருகே நீர்ப் பரிசோதனை முடிவும் அச்சாக வேண்டும் என்பது என் கோரிக்கை.

நான்காவது, பராமரிப்புக்கெனத் தனி நிதி. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அந்த வக்ஃபைப் பராமரிப்பதற்கே உரியது, வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாகக் கூறாவிட்டாலும் சரியே என்பது நம் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. சுவர் இடிந்தால் பூசுவதும், வடிகட்டி நிறைந்தால் மாற்றுவதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இயந்திரத்துக்கு மட்டும் பணம் தந்து பெயர்ப்பலகை வைப்பதைவிட, ஆண்டுதோறும் அதன் உட்பொருளை மாற்றும் செலவை ஏற்பவர் பெயர் தெரியாத பெருங்கொடையாளர். ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம் என்று நாம் சொல்வது, நல்ல நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான்.

ஐந்தாவது, நீக்கிய நஞ்சை எங்கே சேர்ப்பது என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்தில் பெற வேண்டும். பழைய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்பாதவரிடம் வாங்குவதைத் தவிர்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட நீரைச் சீராக்குவதைவிட நல்ல நீரைக் கெடாமல் காப்பது எளிது; செலவும் குறைவு. பூச்சிமருந்து தெளித்த கைத்தெளிப்பானைக் கிணற்று மேட்டில் கழுவாதிருப்போம். பழைய பேட்டரிகளையும் மருந்துப் புட்டிகளையும் தூர்ந்த கிணற்றில் எறியாதிருப்போம். ஒளூச் செய்து வழியும் நீரையும் கூரையில் விழும் மழைநீரையும் நிலத்தினுள் இறக்குவோம். ஏரியும் கால்வாயும் தூர்வாரப்படும்போது ஊராரோடு தோளோடு தோள் நிற்போம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. நம் பள்ளிக் கிணற்றில் ஊறுவதும், கோயில் கிணற்றில் ஊறுவதும், கழனிக் கிணற்றில் ஊறுவதும் ஒரே நீர். அதில் ஒருவர் கலக்கும் நஞ்சு எல்லோருக்கும் சேரும். ஒருவர் காக்கும் தூய்மையும் எல்லோருக்கும் சேரும்.

நம் வாசலில் தாகத்தோடு வந்து நிற்பவர், நாம் தரும் குவளையை ஐயமின்றி வாங்கிப் பருகுவார். அவர் நம்மீது வைக்கும் அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் ஆற்றலை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.